அத்தானின் இடது கை

அத்தானுக்கு இடது கை என்று ஒன்று இருப்பது போன மாதம் வரைக்கும் என்னை உறுத்தியதே இல்லை. எல்லோருக்கும் இருக்கிற கைதானே. அதில் கடிகாரம் கட்டியிருப்பார், டீ கிளாஸைப் பிடித்திருப்பார், அவ்வளவுதான். ஒருநாள் ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"பேஸ்தானே? இதுலயே வாசிச்சுடுவேன்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் குழு பெரிய குழு ஒன்றுமில்லை. அக்கா பாடுவாள். அவள் வீட்டுக்காரர், அதாவது அத்தான், கீபோர்டு. தம்பி டிரம்ஸ். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேன்காரர் கிட்டார். நான் பேஸ் கிட்டார். நாலு தடித்த கம்பி, அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். "நீ வாசிக்கிறது எதும்மா?" என்று கச்சேரிக்குக் கச்சேரி யாராவது கேட்பார்கள். "கேக்காம இருக்கே, அதுதான்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். உள்ளே எரியும்.

விஷயம் இதுதான். மொட்டைமாடி உணவகம் நடத்துகிற ஒரு அம்மா, வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் ஐந்து பேருக்கும் எத்தனையோ நாள் கனவு அது. ஆனால் அவர் மேடை என்று காட்டியது ஒரு கட்டில் அகலம்தான். "நாலு பேர் நிக்கலாம். அஞ்சாவது ஆள் சுவத்துலதான் ஒட்டிக்கிட்டு நிக்கணும்" என்று சொல்லிவிட்டார். அட்டைப்பெட்டி தயாரிக்கிற கம்பெனி ஒன்றின் ஆண்டு விழாவில் நாங்கள் வாசிக்கப் போவதைக் கேள்விப்பட்டு, அங்கே வந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

"உன்ன வேணாம்னு யார் சொன்னா?" என்றார் அத்தான். "பெரிய மேடைன்னா நீ இல்லாமலா? இது சின்ன இடம். ஜனங்களுக்குப் பாட்டு கேட்டாப் போதும். பேஸ் இருக்கா இல்லையான்னு எவன்மா பாக்குறான்?"

"அதெல்லாம் சரிப்படாது அத்தான்" என்றான் தம்பி.

"ஏன் சரிப்படாது?"

"வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"பாத்துருவோமே. கம்பெனி விழா முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

அக்கா மைக் வயரை எட்டாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. புருஷனுக்கும் தங்கைக்கும் நடுவில் அவளும்தான் என்ன செய்வாள், பாவம். ஆனாலும் எனக்கு வலித்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை நால்வர் என்று ஆகிவிட்டால் ஒத்திகையும் நால்வருக்கு என்று ஆகும். பிறகு பெரிய மேடைக்குக்கூட "எதுக்கு, பழகிப்போச்சே" என்பார்கள். நான் ஒப்புக்குச் சப்பாணி ஆகி, கடைசியில் கைதட்டுகிற கூட்டத்தில் போய் உட்காருவேன். எனக்குத் தெரியாதா? நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் இருட்டறைக்குள் உட்கார்ந்து கண் பரிசோதிக்கிறவள் நான். அந்த நாலு கம்பியைத் தொடும்போதுதான் நான் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மனசு சரியில்லை என்றால் சிலர் சாப்பிடுவார்கள், சிலர் தூங்குவார்கள். நான் பெடல் வாங்குவேன். காலால் மிதிக்கிற, நாலைந்து குமிழ் வைத்த, உள்ளங்கை அளவு இரும்பு டப்பாக்கள். துணி வைக்க வேண்டிய அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவைதான். ஒவ்வொன்றும் என் சத்தத்தை மாற்றிவிடும் என்று நம்பி வாங்கியது.

"இந்த டப்பாவுக்கும் அந்த டப்பாவுக்கும் என்ன வித்தியாசம்?" என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்.

"காது குடுத்துக் கேட்டாத் தெரியும்."

"குடுத்தேன். தெரியல."

அவரிடம் அதற்குப் பிறகு நான் சங்கீதம் பேசுவதில்லை.

இந்தத் தடவையும் கால் என்னைக் கேட்காமலே வாத்தியக் கடைக்குப் போனது. அங்கே எப்போதும் யாராவது ஒருவன் கடையே அதிர்கிற மாதிரி பேஸில் விரலால் சாட்டை அடித்துக்கொண்டிருப்பான். அன்றும் ஒருவன் இருந்தான். அவன் போகிற வரைக்கும் மாட்டியிருந்த வயர்களை விலை கேட்கிற மாதிரி தடவிக்கொண்டு நின்றேன். பிறகு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மாதிரி, ஒரு பாட்டுக்கு அடியில் என்ன வேண்டுமோ அதை மட்டும் வாசித்தேன். கடைக்காரர் புது டப்பா ஒன்றை என் காலடியில் வைத்தார். முழுக்கறுப்பு, மேலே ஐந்து குமிழ்.

"இத நேரா ஹால் ஸ்பீக்கர்ல மாட்டிக்கலாம் மேடம். ஆம்ப் தூக்கவே வேணாம். இந்த நடுக் குமிழ ஏத்துனீங்கன்னா, கூட்டத்துல நீங்க தனியாத் தெரிவீங்க."

கூட்டத்தில் தனியாகத் தெரிவது! அந்த மனுஷன் என் ஜாதகத்தைப் படித்த மாதிரி பேசினார். வாங்கிவிட்டேன்.

என்னுடைய ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி, ஒரு பூதம். சக்கரம் ஒன்று உடைந்து, இழுத்தால் ஒரு பக்கமாக நொண்டும். அதை ஏற்றும்போதெல்லாம் வேன்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு அவருடைய முன்னோர்களை வரிசையாகக் கூப்பிடுவார். விழாவுக்கு ஆம்ப் வரவில்லை என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. நானும் பெருமையாக ஒரு தோள்பையோடு ஏறினேன். முதுகுக்குப் பின்னால் அந்தப் பூதம் நின்றால்தான் மேடையில் என் சத்தம் எனக்கே கேட்கும் என்பதை, வாங்கிய மயக்கத்தில் யோசிக்கவே இல்லை.

கம்பெனி ஹால் பெரியது. ஒரு பக்கம் முழுக்க உயரமான ஜன்னல்கள், பிற்பகல் வெயில் சாய்ந்து மேடையில் விழுந்தது. நடுவில் ஆடுவதற்கு இடம், பின்னால் சாப்பாட்டு மேசைகள். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் வழக்கம்போல அத்தான் பக்கத்தில். ஆரம்பத்தில் ஒருமுறை எல்லோருக்கும் அளவு வைத்துவிட்டு அப்புறம் அதைத் தொடமாட்டார். ஹால் ஸ்பீக்கர் இரண்டும் ஜனங்களைப் பார்த்து நின்றன. எனக்கு வந்ததெல்லாம் அவற்றின் முதுகுச் சத்தம், ஒரு மொத்தமான உறுமல்.

என் காலடியில் இரண்டு டப்பாக்கள். ஒன்று புதுசு. இன்னொன்று சுதி பார்க்கிற பெடல். அதை மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், கிட்டார் சத்தம் வெளியே போகாமல் அடைபட்டுவிடும். சுதி சேர்ப்பது ஊருக்குக் கேட்கக்கூடாது இல்லையா, அதற்காக. சேர்த்து முடித்ததும் இன்னொரு மிதி. விளக்கு அணையும், சத்தம் திறக்கும். குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

முதல் நாலைந்து பாட்டும் பிரமாதம். பெட்டி ஒட்டுகிற பெண்கள் கூட்டமாக வந்து ஆடினார்கள். மேலாளர் ஒருவர் வயிற்றைக் குலுக்கிக்கொண்டு வந்தார். உணவகத்து அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்சாதனத்தின் காற்று நேராக என் மேல் அடித்ததில் ஒரு கம்பியின் சுதி கொஞ்சம் ஏறிவிட்டது. சுதி பெடலை மிதித்துச் சரி செய்தேன். அதற்குள் அக்கா, "அடுத்த பாட்டு!" என்று ஆரம்பித்துவிட்டாள். தலைகால் புரியாமல் நானும் பாய்ந்தேன்.

அந்தப் பாட்டிலிருந்து என் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கனமாக, மெத்தென்று, அரை மூச்சு தாமதமாக வந்தது. யாரோ ஒருவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. புது டப்பாதான் காரணம் என்று குனிந்து நடுக் குமிழைத் திருகினேன். தேவலை. இன்னும் கொஞ்சம் திருகினேன். ஆ, இப்போது நன்றாக இருக்கிறது. அடுத்த பாட்டில் மறுபடி மந்தம். வேறொரு குமிழைக் குறைத்தேன். ம், தெளிவாகிவிட்டது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆனால் ஆடுகிற இடம் காலியாகிக்கொண்டே வந்தது. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒருத்திக்குத் தாகம், இன்னொருத்திக்குக் கால் வலி, மேலாளருக்கு யாரிடமோ ஏதோ பேச வேண்டியிருந்தது. தட்டுகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. உணவகத்து அம்மாவின் கை முழங்காலைவிட்டுப் போனுக்குப் போயிருந்தது. திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி.

சுதி சேர்த்த பிறகு மூன்றாவதாக வந்தது அவனுடைய பாட்டு. அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டது. ஒரு குடும்பம் வீடு காலி செய்கிற அன்றைக்குப் பாடுகிற பாட்டு. வருஷக்கணக்காக மனசில் வைத்திருந்து, முதலில் என்னிடம்தான் வெட்கத்தோடு பாடிக் காட்டினான். அன்றைக்குத்தான் முதல் மேடை. அதன் நடுவில் ஒரு இடம் உண்டு. சாமான் எல்லாம் வெளியே போய் வீடு வெறுமையாக நிற்கிற வரிக்குப் பிறகு எல்லா வாத்தியமும் நின்றுவிடும். நான் மட்டும் தனியாகக் கீழிருந்து மேலே ஏறி வருவேன். அது நானும் அவனும் அவன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து உருவாக்கியது.

அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். என் விரல்கள் ஏறின.

ஒன்றும் கேட்கவில்லை.

கம்பியில் நகம் படுகிற டிக் டிக் மட்டும் கேட்டது. அப்புறம் பின்னால் யாரோ கரண்டியைக் கீழே போட்டது. அவ்வளவு பெரிய ஹாலில் நான் ஊமை மாதிரி விரலை ஆட்டிக்கொண்டு நின்றேன். அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். அத்தானின் இரண்டு கையும் கீபோர்டுக்கு மேலே தூக்கியபடி நின்றன. அந்த இடது கையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் நான் என்னுடையது என்று நினைத்த அந்த மெத்தென்ற சத்தம் அவருடையது. தன்னால் முடியும் என்று காட்ட, மூன்று பாட்டாகக் கீபோர்டின் கீழ்க்கட்டைகளில் என் பங்கை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடக் கடவுளே, அவர் கையைத்தான் நான் என் குமிழால் திருகிக்கொண்டிருந்தேன்!

கடையில் கண் பரிசோதிக்கும்போது, சந்தேகமாக இருந்தால் ஒரே கண்ணாடியையே இரண்டு தடவை போட்டு, "எது நல்லாத் தெரியுது? முதலா, ரெண்டாவதா?" என்று கேட்பேன். பத்துக்கு எட்டுப் பேர், "ரெண்டாவது! எழுத்து பளிச்சுன்னு இருக்கு!" என்பார்கள். சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். என் கதையைக் கேட்டால் அவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று சிரிக்க வேண்டும்.

குனிந்தேன். வெயில் விழுந்து வெளுத்துக் கிடந்த சுதி பெடலைக் கையால் நிழல் கொடுத்துப் பார்த்தால், உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஓங்கி ஒரு மிதி. அதே நேரம் தம்பி பின்னாலிருந்து நாலு அடி அடித்துத் தூக்கிக் கொடுத்தான், நான் கடைசிச் சரணத்தில் இறங்கினேன். ஹாலே ஒருமுறை மூச்சு வாங்கின மாதிரி இருந்தது. தட்டும் கையுமாகச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த பாட்டுக்குப் பெட்டி ஒட்டுகிற பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த பாட்டுக்கு மேலாளரும் வந்துவிட்டார், வாயைத் துடைத்துக்கொண்டு. கடைசி வரைக்கும் யாரும் உட்காரவில்லை. எனக்குத்தான் அவமானத்தில் காதெல்லாம் சூடாக இருந்தது.

விழா முடிந்து சாமான்களைக் கட்டும்போது உணவகத்து அம்மா நேராக அத்தானிடம் வந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல என்னாச்சு? எல்லாரும் ஆடுறத விட்டுட்டுப் போயிட்டாங்களே. எனக்கே கொட்டாவி வந்துருச்சு."

"அது பாட்டு சரியில்லைங்க" என்றார் அத்தான் உடனே. "புதுசு ஒண்ணு சேர்த்தோம், எடுபடல. அந்த மூணையும் தூக்கிருவோம். சின்ன மேடைக்கு நாங்க நாலு பேருதான், இன்னும் கச்சிதமா இருக்கும்."

தூக்கிருவோம் என்றதும் நான் தம்பியைப் பார்த்தேன். அவன் பாட்டை என் காலால் நானே மிதித்துக் கொன்றுவிட்டேன். சொல்லிவிட வேண்டும். சொன்னால், மூன்று பாட்டுக்குச் சத்தமே இல்லாமல் வாசித்தவளை எந்த மடையன் குழுவில் வைத்துக்கொள்வான்? இருந்தாலும் வாயைத் திறந்தேன்.

"பாட்டு மேல தப்பில்ல அத்தான்" என்றான் தம்பி, எனக்கு முன்னால். தாளத் தட்டைக் கழற்றிக்கொண்டே, அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "அந்த மூணு பாட்டுலயும் சின்னக்கா சத்தம் வெளிய போகல. சுதிப் பெடல் மூடியே இருந்துச்சு. பேஸ்னு கேட்டது உங்க இடது கைதான். நாலே பேர் வாசிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்னீங்க இல்ல? பாத்தாச்சு."

அத்தான் என்னைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், காலி மேசைகளைப் பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாகப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"அதான!" என்றாள் அக்கா. அவளுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "கால் வைக்கத் தரையே இல்லாத மாதிரி இருந்துச்சு எனக்கு. என் தொண்டைதான் சரியில்லைன்னு நெனச்சு வெந்நியா குடிச்சுத் தள்ளுறேன். இவ இல்லாம நான் பாட மாட்டேங்க. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாள். ஒரு மாதம் தாமதம், ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "கீபோர்டுதான் மேடையில பாதிய அடைக்குது. பாதி நீளத்துல ஒண்ணு வருதாமே" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "கடைக்கு நீயும் கூட வாம்மா. எனக்கு இந்தக் குமிழ் சமாச்சாரம் எல்லாம் புரியாது" என்றார்.

எனக்குப் புரிகிற லட்சணம் எனக்கல்லவா தெரியும்!

உணவகத்து அம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். "அஞ்சு பேரும் வாங்க. சுவத்துல யாரு ஒட்டிக்கிட்டு நிக்கிறதுன்னு நீங்களே பேசி வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேன்காரர், "அப்ப அந்த ஆம்ப் மறுபடியும் வருமா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

எனக்கு ஆனந்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஆத்திரம். தம்பியின் சட்டையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்கு எப்போடா தெரியும்?"

"அந்த மூணுல முதல் பாட்டுலயே. நீ மேலேருந்து பாத்தா வெயில்ல விளக்கு தெரியாது. நான் தாழ உக்காந்திருக்கேன், நேராக் கண்ணுல அடிச்சுது."

"தெரிஞ்சும் சொல்லலியா? ஒரு குச்சிய எடுத்து என் முதுகுல எறிஞ்சிருக்கக் கூடாது? அத்தன பேர் முன்னாடி என்ன ஊமையா நிக்க வச்சுட்டியேடா!"

"எறியத்தான் கையத் தூக்கினேன். அப்பப் பாத்து அவரு இடது கையால ஆரம்பிச்சாரு." அவன் குச்சியால் ஜன்னல் கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தான். "உடனே சொல்லியிருந்தா நீ மிதிச்சிருப்ப. சனிக்கிழமை நீ வீட்ல உக்காந்திருப்ப. நான் எத்தன வருஷம் வாய் கிழியச் சொன்னாலும் அவரு நம்பியிருக்க மாட்டாரு சின்னக்கா."

"உன் பாட்டுடா அது" என்றேன். "அந்த இடம் வரும்னு உனக்குத் தெரியும். நான் தனியா ஏறுற இடம். அங்க ஒண்ணுமே இருக்காதுன்னு தெரிஞ்சும் வாசிச்சியா?"

"ம்."

"முதல் மேடைடா."

"அத இன்னொரு நாள் வாசிச்சுக்கலாம்" என்றான். சொன்ன வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. ஜனங்கள் ஆடுவதை விட்டுத் தட்டைத் தேடிப் போனதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டை அடித்தவன் அவன். அது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்ததும் என் ஆத்திரமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

"இன்னொரு நாள் எல்லாம் கெடையாது" என்றேன். "இப்பவே. டிரம்ஸ மாட்டு."

"எல்லாம் வேன்ல ஏத்தியாச்சே தாயி!" என்று அலறினார் வேன்காரர்.

"இறக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். அக்கா வெந்நீர் பாட்டிலை வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள். அத்தான் மிக்சரை மாட்டினார். ஹாலில் துடைப்பக்காரப் பெண்கள் இரண்டு பேர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தவிர யாரும் இல்லை. தம்பி உட்கார்ந்து, குச்சியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தான்.

நான் குனிந்து, பெடலுக்குக் கையால் நிழல் கொடுத்து, விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. நிமிர்ந்து அவனுக்குத் தலையசைத்தேன்.